சண்டை நடக்காத வெற்றி

கண்ணாடிக்காரரின் ரத்தத்தில் இந்தத் தடவையும் வைரஸ் தென்படவில்லை என்று முடிவு வந்ததும் லேப்பே எழுந்து நின்று கை தட்டியது. அவர் மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. இந்நேரம் வைரஸ் கிளம்பி ஆட்டம் போட்டிருக்க வேண்டும். ஆளையே காணோம். ஆய்வில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய் கேக் வாங்கி வந்தார்கள். அந்தக் கேக்கை வெட்ட வேண்டியவள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், வாங்க, வெட்டுங்க."

"நீங்க சாப்பிடுங்கப்பா. எனக்கு வயிறு சரியில்லை."

வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: சந்தேகம். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் சந்தேகம். "சந்தேகம் வந்தாச்சு, மேசையை ஒழுங்கு பண்ணு" என்பார்கள். மாணவியாக இருந்தபோது, குளிர்பெட்டியில் இருந்த ஒரு புட்டியின்மேல் ஒட்டியிருந்த பெயரே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று பேராசிரியரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெயர் தப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். வீட்டுக்காரர் காதுக்கும் அது போய்விட்டது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "கல்யாணத்தன்னிக்கு நான்தான் மாப்பிள்ளையான்னு ரெண்டு தடவை உத்துப் பார்த்தவ இவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம். ஹெச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டாலே ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்த காலம் அது. மருந்து சாதாரண ஆட்கள் கைக்கு எட்டாத காலமும்கூட. பெரிய மருத்துவமனையின் கடைசி வார்டில் அந்த நோயாளிகளைப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க அந்த வார்டுக்குள் போகிறேன் என்று கையைத் தூக்கிய ஒரே ஆள் இவள். அம்மா இவளுடைய துணிகளைத் தனியாக ஊறவைத்தாள். குளித்த பிறகுதான் தண்ணீர்ச் செம்பைத் தொடவிடுவாள். வேலை என்ன என்று தெரிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். கணக்கு வாத்தியார் மட்டும், "அது எப்படித்தான் பரவும்?" என்று கேட்டார். ஒரு பாடமே எடுத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, புரிஞ்சுது. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?" என்றார்.

கடைசி வார்டில் ஒரு லாரிக்காரர் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தார். மருந்தில்லை, மாத்திரையில்லை, காய்ச்சல்கூட இல்லை. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது, ஆனால் தலைதூக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை, டாக்டரம்மா?"

"தெரியலையே."

"தெரிஞ்சா சொல்லுங்க. எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை. பக்கத்துல படுத்திருந்தவன் என்னைவிட நல்லவன்."

அந்தக் கேள்வி அவள் ஆயுசையே எடுத்துக்கொண்டது. லாரிக்காரர் வயதாகி, இதயம் ஓய்ந்து, தன் கட்டிலிலேயே இறந்துபோகும்வரை அவளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாதிப் பதில் சொல்லவும் முடிந்தது. ஹெச்.ஐ.வி. நிமிஷத்துக்கு ஒரு வேஷம் போடும். உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் ஒரு முகத்தை அடையாளம் பிடித்து வருவதற்குள் அது அடுத்த முகத்தை மாட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கும் மாற்ற முடியாத ஒரு பாகம் உண்டு. அதை மாற்றினால் அதற்கே முதுகு ஒடிந்துவிடும். லாரிக்காரரின் டி செல்கள் வேஷத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த முதுகெலும்பையே பிடித்திருந்தன. ஆயிரத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே வாய்க்கிற இந்தப் பிடியை, மற்றவர்கள் செல்களுக்கும் ஊசி போட்டுக் கற்றுக்கொடுக்க முடியுமா? இதற்காகத்தான் அவள் தலை நரைத்தது. எலியில் சரியாக வந்தது, குரங்கில் கோட்டைவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இப்படி எத்தனையோ தடவை.

கடைசியில் மனிதர்களிடம் வந்து நின்றாள். வருஷக்கணக்காக மாத்திரை போட்டு வைரஸை அடக்கி வைத்திருக்கும் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களுக்கு ஊசி போட்டுச் செல்களைப் பழக்கி, பிறகு மாத்திரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். வாராவாரம் ரத்தம் எடுத்து, வைரஸ் கிளம்பினால் உடனே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். கயிற்றின்மேல் நடக்கிற வேலை. ஒருவருக்குப் பின் ஒருவருக்கு வைரஸ் கிளம்பி, ஒவ்வொருவராக மாத்திரைக்குத் திரும்பினார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் திரும்பவில்லை.

அவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாய் ஓயாது. லேப்புக்கு வரும்போதெல்லாம் எல்லாருடைய கண்ணாடியையும் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். "இவ்வளவு அழுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் வைரஸ் தெரியலைங்கிறீங்க. நல்லாத் துடைச்சுட்டுப் பாருங்கய்யா" என்பார். அவரைப் பிடிக்காதவர்கள் அங்கே யாருமில்லை.

அவளுக்கும் பிடிக்கும். அதனால்தான் பயமாக இருந்தது.

கேக் காலியானதும் நர்ஸண்ணன் அவளிடம் வந்தார். "மேடம், என்ன உறுத்துது? சொல்லுங்க."

அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். கண்ணாடிக்காரரின் டி செல்களுடைய படம். "வைரஸ் கிளம்பப் பார்க்குது, செல்லு அதை அடிச்சு அடக்குதுன்னா, செல்லு முழிச்சுக்கிட்டு இருக்கணும்ல? எண்ணிக்கை ஏறணும், மேல அடிபட்ட அடையாளம் தெரியணும். லாரிக்காரருக்கு அப்படித்தான் இருந்துச்சு. இதைப் பாருங்க."

"அமைதியா இருக்கு."

"தூங்குது. நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குது. சண்டையே நடக்கலை அண்ணே. அப்புறம் இவரு எப்படி ஜெயிச்சாரு?"

நர்ஸண்ணனுக்கு முகம் சுருங்கியது. அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது புரிந்துவிட்டது. "சேச்சே, அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லை மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா நமக்குத் தோணுறது எதுக்கும் ஆதாரம் ஆகாதே."

மாத்திரையைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிறாரா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று வேதியியல் பிரிவில் சோதிக்கலாம். அதற்கு இயக்குநர் சம்மதம் வேண்டும். இயக்குநர் அவளோடு படித்தவர். ஒரே மேசையில் ஒரே நுண்ணோக்கிக்குச் சண்டை போட்டவர்கள். மாநாட்டுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. முதல் நாள் முதல் பேச்சே அவளுடையது என்று உலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"ஏம்மா, உனக்கு நல்லது நடந்தா பிடிக்கவே பிடிக்காதா?" என்றார் இயக்குநர்.

"நடந்திருந்தாப் பிடிக்கும்."

"மாநாடு முடிஞ்சு வந்து டெஸ்ட் பண்ணு. நான் வேண்டாங்கலையே."

"அங்க போய் நின்னு பேசிட்டு, இங்க வந்து டெஸ்ட் பண்றதா? அதுக்குப் பேரு என்னன்னு உனக்கே தெரியும்."

இயக்குநர் பேனாவை மேசைமேல் எறிந்தார். "உன் பேச்சுக்காகத்தான் வெளியில இருந்து அவ்வளவு பேரு வர்றாங்க. இந்த வேலை நின்னுபோச்சுன்னா உன் ஆட்கள் தெருவுல நிப்பாங்க. அந்த ஆளை அவமானப்படுத்துறோம்னு யோசிச்சியா? ரத்தம் கொடுத்தவனையே திருடன்னு சொல்றியே."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. "மருந்து இல்லைன்னு வந்தா, உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு அவர் கால்லயும் விழறேன். இருக்குன்னு வந்தா அது நம்ம பேச்சைப் பத்தின விஷயமே இல்லை. அரைகுறையா மருந்து போனா வைரஸ் அந்த மருந்துக்கே பழகிடும். நாளைக்கு அந்த மாத்திரை அவருக்கு வேலை செய்யாம போயிடுச்சுன்னா அவரை யார் காப்பாத்துறது? நீயா, மாநாடா?"

இயக்குநர் எறிந்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு, "செய்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்குப் பத்து வயது கூடியதுபோல இருந்தது.

முடிவு வரும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்காமல் பாத்திரம் கழுவினார். காத்திருக்கிறவளிடம் பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறுவாள் என்பது அவருக்கு அனுபவம்.

வேதியியல் பிரிவிலிருந்து போன் வந்தது. கண்ணாடிக்காரர் ரத்தத்தில் மருந்து இருக்கிறது. முழு அளவு இல்லை; பாதி போட்டதுபோல. ஆனால் இருக்கிறது, சந்தேகமே இல்லை.

அவள் போனை வைத்தாள். தான் நினைத்தது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. இத்தனை வருஷ உழைப்பு கண்ணெதிரே தரைமட்டமாகிக் கிடந்தது. இப்போது அதற்காக அழவும் நேரமில்லை. முதலில் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஆலோசனை அறைக்குள் வந்தார். அவள் கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

"நான் மாத்திரை போடலைங்க."

"ரத்தத்துல இருக்கு. பயந்து போட்டிருந்தாலும் பரவாயில்லை. யாரும் உங்களைக் குறை சொல்லப்போறதில்லை. எவ்வளவு போட்டீங்க, எப்பப்பப் போட்டீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியணும். அது உங்க உயிர் சமாச்சாரம்."

"போடலைன்னு சொல்றேன்ல?" அவர் குரல் ஏறியது. "நீங்க சொன்ன அன்னைக்கு நிறுத்தினேன். மிச்சம் இருந்த நாலஞ்சு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வீட்டுல கொடுத்துட்டேன். காய்ச்சல் வந்தாக்கூட வேற மாத்திரை போடாம வந்து உங்ககிட்ட நின்னேன். எதுக்குங்க? எனக்கு என்ன கிடைக்குது? நாளைக்கு ஒருத்தன் மாத்திரை இல்லாம இருப்பானேன்னுதானே வந்தேன்?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை..."

"வேற என்ன சொல்றீங்க? ஊரெல்லாம் என்னைத் திருட்டுப் பார்வை பார்த்துச்சு. இந்த ஒரு இடத்துலதான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன்." அவர் எழுந்தார். கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனார். நர்ஸண்ணன் பின்னாலேயே படியிறங்கி ஓடினார். ஆள் ஆட்டோ ஏறிவிட்டார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

நர்ஸண்ணன் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தார். "பொய் சொல்றவன் இப்படிக் கோபப்பட மாட்டான் மேடம்."

"தெரியும்."

அதுதான் சிக்கல். மருந்து பொய் சொல்லாது. மனிதரும் பொய் சொல்லவில்லை. அவள் மாதக்கணக்கான முடிவுகளை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எல்லா வாரமும் சுத்தம். ஒரே ஒரு தடவை மட்டும், மாத்திரையைத் திரும்பத் தொடங்கும் அளவுக்கு இல்லாமல், கொஞ்சம் வைரஸ் எட்டிப் பார்த்திருந்தது. அடுத்த தடவை அதுவும் காணாமல் போயிருந்தது. அப்போது எல்லாரும் அதைத்தான் பெரிதாகக் கொண்டாடினார்கள்: வைரஸ் வந்தது, உடம்பு அடக்கிவிட்டது!

"அண்ணே, அந்த வாரத்துக்கு முன்னாடி இவரு எங்க இருந்தாரு?"

நர்ஸண்ணன் யோசித்தார். "வெளியூரு. ஃப்ரேம் வாங்கப் போயிருந்தாரு. ரெண்டு தடவை ரத்தம் கொடுக்க வர முடியலைன்னு அங்கேயே ஒரு இடத்துல ஏற்பாடு பண்ணினோமே. அதுல ரெண்டாவதுலதான்..."

அவர் பாதியில் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்தால் வைரஸ் இல்லை. வீட்டை விட்டுப் போனால் வருகிறது. மிச்ச மாத்திரையை அவர் கொடுத்தது வீட்டில்.

"அவர் வீட்டம்மா நம்பர் இருக்காண்ணே?" என்றாள் அவள்.

கண்ணாடிக்காரரின் மனைவி சலவைக்கடை நடத்துகிறவர். அந்தம்மாவுக்கு நோய் இல்லை. கணவர் மாத்திரையை நிறுத்தினால் மனைவிக்கும் ஆபத்து வரலாம் என்பதால், ஆய்வு தொடங்கும்போதே அவரையும் வரவழைத்து விவரம் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார். அவரை வரச் சொல்லி நர்ஸண்ணன் போன் செய்தார். காரணம் கேட்காமல் வருகிறேன் என்றார் அந்தம்மா.

இஸ்திரிச் சூட்டின் வாசனையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அறையில் இரண்டு பெண்கள் மட்டும்.

"நேத்து வந்ததுல இருந்து அவர் ஒரு வாய் சாப்பிடலை" என்றார் அந்தம்மா. "என்ன சொன்னீங்க அவரை?"

"மாத்திரை போடுறீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாரு. நான் அவரை நம்புறேன்."

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவசரப்படுத்தவில்லை.

"நான்தான்" என்றார் அந்தம்மா. "பாதி மாத்திரையைப் பொடிச்சு காலையில காப்பியில கலந்து கொடுத்தேன். முழுசு போட்டாத் தீர்ந்துபோயிடுமேன்னு பாதி."

எதிர்பார்த்த பதில்தான். இருந்தும் காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏங்க இப்படிச் செஞ்சீங்க? பாதி பாதியாக் கொடுத்தா வைரஸ் அந்த மருந்தையே ஏமாத்தக் கத்துக்கும். நீங்க அவரைக் காப்பாத்தலை, கொல்லப் பார்த்திருக்கீங்க!"

"அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலை." அந்தம்மா நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டுக்குங்க. மாத்திரை கிடைக்கிறதுக்கு முன்னாடி அந்த மனுஷனை நான் தூக்கித்தான் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போவேன். தலையணை கனம்கூட இருக்காது. அந்த மாத்திரை போட்டுத்தான் எழுந்து நின்னாரு. நீங்க ஒருநாள் கூப்பிட்டு அதை நிறுத்தப் போறோம்னீங்க. படம் போட்டுக் காட்டினீங்க. புரியுதான்னு கேட்டீங்க. புரியுதுன்னேன்."

"சம்மதமில்லைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சம்மதமான்னு நீங்க கேக்கவே இல்லையே. புரியுதான்னுதானே கேட்டீங்க?"

அவள் திறந்து வைத்திருந்த கோப்பை மூடினாள்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் அந்தம்மா. "உங்க வீட்டுக்காரரா இருந்தா மாத்திரையை நிறுத்தியிருப்பீங்களா?"

கணக்கு வாத்தியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முதுகு அவள் கண்முன் வந்து நின்றது. நிறுத்தியிருப்பேன் என்று சொன்னால் பொய். மாட்டேன் என்று சொன்னால், இத்தனை பேர் வீட்டில் நிறுத்தச் சொன்னது எந்த நியாயத்தில்? அந்தம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். வராது என்று தெரிந்ததும் பார்வையை விலக்கிக்கொண்டார்.

கண்ணாடிக்காரரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். தானே சொல்வதாக அந்தம்மா சொன்னார். ஆனால் இந்த அறையில் வைத்து, இவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். மனைவி கூப்பிட்டதால் அவர் வந்தார். கதவருகிலேயே நின்றார். அந்தம்மா எழுந்து நின்று, நாலே வார்த்தையில் சொல்லி முடித்தார்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "காப்பித்தூளை மாத்தலாம்னு நான் எத்தனை நாளா கத்திட்டு இருக்கேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

"அப்ப என் உடம்பு ஒண்ணுமே செய்யலையா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். குழந்தை கேட்பதுபோலக் கேட்டார். அதுதான் அன்றைய நாளிலேயே தாங்க முடியாததாக இருந்தது.

"தெரியலைங்க. அதுக்கு ஒரு வாய்ப்பே கிடைக்கலை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"நீ சேரும்போது என்னைக் கேட்டியா?" என்றார் அந்தம்மா.

மாத்திரையை அன்றைக்கே முழு அளவில் தொடங்கினார்கள். அந்தம்மாவுக்கும் சோதிக்க ரத்தம் எடுத்தார்கள். ஆனால் பெரிய பயம் இன்னும் தீரவில்லை. பாதி மருந்தில் பழகிய வைரஸ் அந்த மருந்துக்கு மசியாததாக மாறியிருந்தால்? வெளியூரில் வைரஸ் எட்டிப் பார்த்தபோது எடுத்து அனுப்பிய ரத்தம் ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்த வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மிகக் குறைந்த அளவுதான் இருந்தது. ஒரு தடவை தவறினால் அவ்வளவுதான், மறுபடி செய்ய மிச்சமிருக்காது. அந்த வேலையை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு தானே கையுறை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அறைக்குள் போனாள். புட்டியில் ஒட்டியிருந்த பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் மாநாட்டு நாள் வந்துவிட்டது. பேச்சை ரத்து செய்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் இயக்குநர். அவள் மேடையேறினாள். ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வைரஸ் திரும்பி வந்ததைச் சொன்னாள். ஒருவருக்கு வரவில்லை என்று தாங்கள் நம்பியதையும், அது ஏன் உண்மையில்லை என்பதையும், யார் வீட்டு விஷயமும் வெளியே தெரியாமல் சொன்னாள். பின்வரிசையில் சிலர் எழுந்து வெளியே போனார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர், "இத்தனை மாதம் இதைக் கவனிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். "கொண்டாடிக்கொண்டிருந்தோம்" என்றாள் அவள்.

இறங்கி வந்ததும் இயக்குநர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் கொடுத்தார். அவள் போன் அதிர்ந்தது. நர்ஸண்ணன்.

"மேடம், ரிப்போர்ட் வந்துடுச்சு."

"சொல்லுங்க."

"மாறலை மேடம். எந்த மருந்துக்கும் மசியாம போகலை. பழைய வைரஸேதான். அந்தம்மா ரத்தமும் சுத்தம்."

மேடையில் கலங்காதவள் அங்கே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இயக்குநர் பதறிப்போய், "என்னாச்சு? என்னாச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகலைய்யா, ஒண்ணுமே ஆகலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் மனைவியோடு பேசச் சில மாதங்கள் ஆயின என்று நர்ஸண்ணன் மூலம் தெரியவந்தது. காப்பியை அவரே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாராம். அது இன்னும் மோசமாக இருந்ததாம். பிறகு எப்படியோ சரியாகிவிட்டார்கள். அந்தம்மா இவளிடம் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வின் முடிவைக் கட்டுரையாக எழுதியபோது சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடவில்லை. ஆய்வில் சேர்ந்தவர்களில் ஓர் ஆசிரியை இருந்தார். அவருக்கு வைரஸ் திரும்ப மற்றவர்களைவிட வெகுநாள் பிடித்திருந்தது. அவருடைய செல்கள் தூங்கவில்லை. அடிபட்டு, சிவந்து, கடைசிவரை மல்லுக்கட்டித் தோற்றிருந்தன. கண்ணாடிக்காரரின் பளபளப்பில் அந்த ஆசிரியையை யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்கவில்லை. ஏன் தோற்றன, எந்த இடத்தில் கை தளர்ந்தது என்று தேடியதில் ஊசியை எப்படித் திருத்தலாம் என்று ஒரு வழி கிடைத்தது. தலைப்புச் செய்தி ஆகிற வழி அல்ல. அதைச் சரிபார்க்கவே அவளுக்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின.

திருத்திய ஊசியோடு இரண்டாவது ஆய்வு தொடங்கியபோது, வருகிறவரோடு வீட்டில் இருக்கும் ஒருவரும் வர வேண்டும் என்றாள். அவர்களுக்குப் படம் காட்டி முடித்த பிறகு, புரிகிறதா என்று கேட்பதோடு விடாமல், வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டாள். அதுவும் தனியாக, இன்னொருவர் வெளியே இருக்கும்போது. இதனால் ஆள் சேர்வது இழுத்துக்கொண்டே போயிற்று. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருநாள் ஓர் இளைஞரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அந்த இளைஞருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது; ஆய்வுக்கென்றே செய்து வைத்தது மாதிரியான உடம்பு. நர்ஸண்ணன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெண் விரல்களைப் பின்னிக்கொண்டு, "அவன் ஆசைப்படுறான். எனக்கு வேண்டாம்மா. ஆனா நான் சொன்னேன்னு தெரிஞ்சா வருத்தப்படுவான்" என்றாள்.

"நீங்க சொன்னதா யாருக்கும் தெரியாது" என்றாள் அவள். "இந்தத் தடவை எடுத்துக்க முடியலைன்னு நான் சொல்லிக்கிறேன்."

இளைஞரிடம் அப்படியே சொன்னாள். அவர் ஏமாற்றத்தோடு போனார். நர்ஸண்ணன் கதவைப் பிடித்தபடி நின்றார். ஏன் என்று அவர் கண் கேட்டது.

"அடுத்தவங்களை வரச் சொல்லுங்கண்ணே" என்றாள் அவள்.